ரெண்டாவது பிரேக்

பிரேக்கக்காவைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு கார் ஓட்டினால் மானம் போய்விடும். முன்னால் ஒரு நாய் குறுக்கே வந்தால் போதும், உங்கள் கால் அசைவதற்கு முன் அவள் கால் தரையை அழுத்திவிடும். அங்கே அழுத்த ஒன்றும் இருக்காது, வெறும் மிதியடிதான். ஆனாலும் அழுத்துவாள். பேருந்தில் போனாலும் அதே கதைதான். ஒருமுறை பல் டாக்டரிடம் போய்ச் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தாள். டாக்டர் ஊசியை எடுத்ததுதான் தாமதம், இவள் கால் விருட்டென்று நீண்டு கீழே இருந்த ஏதோ ஒரு மிதியை அழுத்த, நாற்காலி டாக்டரின் முகவாய் வரைக்கும் ஏறிவிட்டது. அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

எல்லாம் தொழில் செய்த வேலை. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. தன் வண்டியில் அது வழுக்குகிறது என்று பழைய சைக்கிள் டியூபை வெட்டி அதன்மேல் இறுக்கிக் கட்டியிருந்தாள். இந்தத் தொழிலில் பெரும்பாலானவர்கள் அதை ஓங்கி மிதிப்பார்கள், மிதித்த கையோடு, "கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?" என்று கத்துவார்கள். பிரேக்கக்கா கத்தமாட்டாள். ஓட்டுகிறவரின் கால் பிரேக்கைத் தேடிப் போகிற அதே நேரத்தில், பூப்போல, தன் காலை அழுத்துவாள். வண்டி நின்றுவிடும். தான்தான் நிறுத்தினோம் என்று ஓட்டுகிறவர் நினைத்துக்கொள்வார். அவளும், "சரியான நேரத்துல போட்டீங்க" என்பாள். அது சுத்தப் பொய். அந்தப் பொய்யில் ஊன்றிக்கொண்டுதான் எத்தனையோ பேர் தைரியமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு போனார்கள்.

அவள் கணவரும் அப்படிக் கற்றுக்கொண்டு போனவர்தான். போகாமல் திரும்பி வந்தவர் என்று சொல்ல வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், அதனால் கண்ணாடிக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பழகிக்கொண்டிருந்த நாளில், முட்டைத் தட்டுகளை அடுக்கிக் கட்டிய ஒரு சைக்கிள் சந்திலிருந்து திடீரென்று குறுக்கே வந்தது. கண்ணாடிக்காரரின் கால் பிரேக்குக்குப் போகவில்லை, பதற்றத்தில் ஆக்சிலரேட்டருக்குப் போனது. பிரேக்கக்கா மிதித்தாள். சைக்கிளுக்குக் கையகலத் தூரத்தில் வண்டி இஞ்சின் அணைந்து நின்றது. ஒரு முட்டைகூட உடையவில்லை.

"சரியான நேரத்துல போட்டீங்க," என்றாள், வழக்கம்போல.

அதற்கு அடுத்த வாரம் அவர் வந்து, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா என்று கேட்டார். அதுவரை கடைக்கு வருகிற பெண்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர். "ஒரு உயிரக் காப்பாத்தினவன் நான், ஒரு பொண்ணுகிட்டப் பேசறதுக்கா பயப்படணும்னு தோணிச்சு. கேட்டுட்டேன்" என்று இன்றுவரை விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். அவர் சொல்லும் கதையில் முட்டைத் தட்டு வருஷத்துக்கு வருஷம் உயர்ந்துகொண்டே போகும். பிரேக்கக்கா பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பாள். உண்மையை அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

இப்படி நிம்மதியாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவளை மனசு பக்கம் திருப்பிவிட்டது ஒரு தையல்காரி. விபத்தில் சிக்கிப் பிழைத்தவள். உடம்பெல்லாம் ஆறிவிட்டது. ஆனால் ஸ்டியரிங்குக்கு முன் உட்கார்ந்தால் கை மரத்துப் போகும். வேறு ஸ்கூல்களில் எல்லாம் முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். பிரேக்கக்கா அவளை ஓட்டச் சொல்லவே இல்லை. மைதானத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, ரெண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சாவியை நடுவில், ரெண்டு இருக்கைக்கும் இடையில் இருக்கும் சின்னத் தட்டில் வைத்துவிடுவாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். தையல்காரி முன்கண்ணாடியைப் பார்த்தபடி மெல்லப் பேச ஆரம்பித்தாள். விபத்தைப் பற்றி, அதில் போய்விட்ட தம்பியைப் பற்றி, அவனுக்குத் தைத்து வைத்து இன்னும் பிரிக்காமல் இருக்கிற சட்டையைப் பற்றி. முகத்துக்கு முகம் பார்த்தால் வராத பேச்செல்லாம், ரெண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் வந்துவிடுகிறது என்பதை பிரேக்கக்கா அங்கேதான் கண்டுகொண்டாள். ஒருநாள் தையல்காரி தானாகச் சாவியை எடுத்துத் திருகினாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "நான் மனநல ஆலோசனை படிக்கப் போறேங்க," என்றாள். நாற்பதைத் தாண்டியிருந்தாள். தலையில் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

வீட்டில் அதிகம் குதித்துக் கொண்டாடியது நாத்தனார்தான். கண்ணாடிக்காரரின் தங்கை, வீட்டில் பாப்பா. வெளியே எல்லோருக்கும் டாக்டர். உளவியலில் பெரிய பட்டம் வாங்கி, சொந்தமாக கிளினிக் வைத்திருந்தாள். "ஊசி போடத் தெரியாத டாக்டர்" என்று அண்ணன் கிண்டல் பண்ணுவார். நாத்தனார் என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைச் சுளிக்கிற சிநேகிதிகளிடம் பிரேக்கக்கா பெருமையடித்துக்கொள்வாள்: "என் நாத்தனார் எனக்குக் கூடப் பிறக்காத தங்கச்சி." கல்லூரியில் சேர்க்க அழைத்துப் போனது டாக்டர்தான். தடித்தடியான புத்தகங்களை அடிக்கோடிட்டுக் கொடுத்ததும் அவள்தான். மாலை வகுப்புகளில் தன் பிள்ளை வயசுப் பசங்களோடு உட்கார்ந்து, பிரேக்கக்கா முதல் வருஷத்தை முட்டி மோதித் தேறிவிட்டாள்.

ரெண்டாம் வருஷம் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழந்தைகள், குடும்பம், அலுவலகம், விபத்து அதிர்ச்சி என்று நாலு பிரிவு. எதை எடுக்கிறோமோ அதில்தான் பயிற்சி, அப்புறம் ஆயுசுக்கும் அதுதான். பிரேக்கக்காவுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவள் படிக்கக் கிளம்பியதே நாலாவதுக்காகத்தான். தன் வண்டியிலேயே, ரெண்டாவது பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு, ரோட்டைக் கண்டு நடுங்குகிறவர்களை மீட்டுக் கொண்டுவர வேண்டும். அதற்கு "ரெண்டாவது பிரேக்" என்று பெயரும் வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறையில் உட்கார்ந்து இதையெல்லாம் நாத்தனாரிடம் கொட்டினாள். டாக்டர் ஆப்பிளைத் தோல் சீவி நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"இஞ்சின ஆஃப் பண்ணிட்டு எவ்ளோ நாள் சும்மா உட்காருவீங்க, அண்ணி?"

"அவங்களா சாவிய எடுக்கற வரைக்கும்."

"எடுக்கலன்னா?"

"எடுப்பாங்க. கைக்கு எட்டற மாதிரிதான் வச்சிருப்பேன். ஆனா அதப் பத்திப் பேசவே கூடாது. எடுங்கன்னு சொன்னா அன்னைக்கோட கெட்டுது."

"அட! அப்புறம்?"

அப்புறம் என்ன, பிரேக்கக்கா எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் யார் ஏற வேண்டும், கதவை எப்போது சாத்த வேண்டும், அழுதால் ஏன் முகத்தைத் திருப்பிப் பார்க்கக் கூடாது, எந்தத் தெருவில் முதலில் ஓட்டவிட வேண்டும் என்று ஒன்று விடாமல். இவ்வளவு கவனமாக யாரும் அவள் பேச்சை இதுவரை கேட்டதில்லை. பேசிக்கொண்டே ஆப்பிள் முழுவதையும் அவளே தின்று முடித்திருந்தாள்.

டாக்டர் கத்தியைக் கழுவி வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"கேக்க நல்லா இருக்கு அண்ணி. ஆனா இதுக்குன்னு யாரு வரப் போறா? ரோட்டப் பாத்து பயமா இருந்தா ஜனங்க ஆட்டோ புடிச்சுப் போயிடுவாங்க. இத்தன வருஷம் வண்டி ஓட்டிட்டு, கடைசில ஈ ஓட்டவா? குழந்தைங்க பிரிவு எடுங்க. பெத்தவங்க இருக்கற வரைக்கும் அதுக்கு வேலை இருந்துட்டே இருக்கும்."

"எனக்கும் குழந்தைங்களுக்கும் ஒத்தே வராதேம்மா. அர மணி நேரம் இருந்தா மண்டைய இடிக்கும்."

"அதெல்லாம் பழகிடும். உங்க பொறுமைக்கு வேற யாரு இருக்கா? நான் இந்தத் துறையிலயே கெடக்கறவ. உங்களுக்கு கெட்டது சொல்வனா?"

கூடத்திலிருந்து கண்ணாடிக்காரர் குரல் கொடுத்தார். "பாப்பா சொன்னாக் கேளேன். அவளுக்குத் தெரியாததா?"

அவளுக்கு மனசே இல்லை. ஆனால் தன்னைப் படிக்க வைத்தவள் சொல்கிறாள், கட்டியவரும் சொல்கிறார். நமக்கென்ன தெரியும், நேற்று வந்தவள் என்று தன்னையே அடக்கிக்கொண்டாள். அடுத்தவர் வண்டியை அவருக்கே தெரியாமல் நிறுத்தி இத்தனை வருஷம் பழகியவள். தன் வண்டியை யார் கால் நிறுத்துகிறது என்று அன்றைக்குக் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

குழந்தைகள் பிரிவு என்று எழுதிக் கொடுத்ததும் கல்லூரியின் துறைத் தலைவி மறுபடியும் கேட்டாள். "நிச்சயமா? நீங்க சேரும்போது வேற ஏதோ சொன்னீங்களே. பயிற்சி ஆரம்பிச்சுட்டா மாத்த முடியாதும்மா."

"நிச்சயம்தான் மேடம்," என்றாள் பிரேக்கக்கா.

கையோடு வண்டியையும் விற்றுவிடலாம் என்றார் கண்ணாடிக்காரர். ரெண்டு பிரேக் வண்டியை வைத்துக்கொண்டு குழந்தைகளை என்ன செய்வது? விற்கிற வேலையை அவரே பார்த்துக்கொண்டார். ஒருநாள் அவள் வகுப்பிலிருந்து திரும்பி வந்தபோது வாசலில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"யாருங்க வாங்கினது?"

"தெரிஞ்சவங்கதான். நல்லா வச்சுக்குவாங்க," என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குழந்தைகள் பிரிவில் அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஒரு சாண் உயர நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார வேண்டும். எதிரில் ஒரு வாண்டு களிமண்ணை உருட்டி உருட்டி அவள் சேலையில் ஒட்டும். "இது என்ன கண்ணு, பூனையா?" என்றால், "உன் மூக்கு" என்று பதில் வரும். பயிற்சி கொடுப்பவர்கள் எதிரே உட்கார், கண்ணைப் பார், சிரி என்றார்கள். அவளுக்கு ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்துதான் பழக்கம். ராத்திரி கண்ணாடிக்காரர் நெற்றியில் தலைவலித் தைலம் பூசிவிட, நல்லதுக்குத்தான் சொன்னாள், நல்லதுக்குத்தான் சொன்னாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

ஒருநாள் துறைத் தலைவி, குழந்தைகளை விளையாட விட்டே குணப்படுத்துகிற விளையாட்டுச் சிகிச்சையைப் பார்த்து வரச் சொல்லி அவளை நாத்தனாரின் கிளினிக்குக்கே அனுப்பினாள். அவள் அங்கே போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. கட்டட வேலை நடக்குது அண்ணி, ஒரே தூசி, அப்புறம் வாங்க என்று டாக்டர் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். சொல்லிவிட்டுப் போனால் அவளுக்குத்தான் சிரமம், நேரில் போய் நிற்போம் என்று பிரேக்கக்கா பேருந்து பிடித்துக் கிளம்பினாள்.

வரவேற்பில் யாரும் இல்லை. குழந்தைகள் அறை பின்பக்கமோ என்று சுற்றிக்கொண்டு போனாள். பின்னால் புதுசாகக் கூரை போட்ட கொட்டகை. அதில் ஒரு கார். வெள்ளையாக இருந்ததை நீலமாக்கியிருந்தார்கள். நின்ற நிலையில் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வு அவளுக்குத் தெரியும். கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். கால் தானாகத் தேடிப் போய் அதன்மேல் நின்றது. சைக்கிள் டியூப், அவள் போட்ட முடிச்சு. நடுத்தட்டில் சாவி இருந்தது.

"அக்கா!"

தையல்காரி நின்றுகொண்டிருந்தாள், பக்கத்தில் மிரண்ட முகத்தோடு ஒரு பெண்.

"நீங்க இருப்பீங்கன்னு தெரியும்க்கா. போர்டுல ரெண்டாவது பிரேக்னு பேரப் பாத்ததுமே, இது நம்ம அக்காதான்னு என் மச்சினிச்சியக் கூட்டிட்டு வந்துட்டேன். ஆறு வாரம் ஆகும் இடம் கிடைக்கன்னாங்க, அவ்ளோ கூட்டம்!"

ஈ ஓட்டணும் என்றவளின் கடையில் ஆறு வாரக் கூட்டம். "இருங்கம்மா, வரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு பிரேக்கக்கா உள்ளே போனாள்.

டாக்டர் அவளைப் பார்த்ததும் ஒரு நொடி நிறம் மாறினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, தலையை லேசாகச் சாய்த்து, வருகிறவர்களிடம் பேசுகிற அந்த மெத்தென்ற குரலை எடுத்தாள்.

"உங்களுக்குக் கோவம் வந்திருக்குன்னு புரியுது அண்ணி. அது நியாயமான உணர்வுதான்."

"எனக்கே வைத்தியமா?" பிரேக்கக்கா இத்தனை வருஷம் கத்தாமல் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த அறையில் வெளியே வந்தது. "வாயக் கெளறி எல்லாத்தையும் வாங்கிட்டு, போய் களிமண்ண உருட்டுன்னு அனுப்பிட்டியே! பேரக்கூட மாத்தத் தோணலையா உனக்கு?"

"நல்ல பேரு அண்ணி," என்றாள் டாக்டர். உண்மையிலேயே மெச்சித்தான் சொன்னாள், அதுதான் இன்னும் சுட்டது. "பாருங்க, யோசனை யாருக்கு வேணாலும் வரும். நடத்தறதுக்குப் பட்டம் வேணும், இடம் வேணும். நீங்க படிச்சு முடிச்சு வரதுக்குள்ள வேற யாராவது ஆரம்பிச்சுருப்பாங்க. நீங்க அந்தப் பிரிவுல வந்திருந்தா பயிற்சிக்கு என்கிட்டதான் வரணும். சொந்தத்துக்குள்ள நான் மேல, நீங்க கீழன்னு எதுக்கு? அதான் நாசூக்கா ஒதுக்கிவிட்டேன்."

"என் வண்டி எப்படி இங்க வந்துச்சு?"

டாக்டர் மெத்தென்ற குரலை மறந்துவிட்டாள். "அண்ணன் சொல்லலையா?" என்றாள்.

வெளியே தையல்காரியின் மச்சினிச்சி காரையே பார்த்தபடி நகம் கடித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கைப்பிடித்து ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்து, கதவைச் சாத்த பிரேக்கக்காவுக்குக் கை பரபரத்தது. வண்டி தன்னுடையது இல்லை என்று அப்போதுதான் முழுசாக உறைத்தது. போய்த் துறைத் தலைவியைப் பார்த்தாள். அவள் நல்லவள்தான், ஆனால் முடியாது என்றுவிட்டாள். இந்த வருஷத்தை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த வருஷம் புதுசாக அந்தப் பிரிவில் சேரலாம். அவ்வளவுதான் வழி. "வயசப் பாத்து முடிவு பண்ணுங்கம்மா," என்றாள்.

சாயங்காலம் கண்ணாடிக் கடைக்குப் போனாள். கடையைச் சாத்திவிட்டு அவர் வண்டியை எடுத்தார். கூட்ட நேரம், எறும்பு ஊர்வதுபோலத்தான் போக முடிந்தது. ரெண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வண்டிய பாப்பாவுக்குத்தான் குடுத்தீங்களா?"

அவர் வைப்பரை ஒருமுறை போட்டு அணைத்தார். மழையே இல்லை.

"அவ கேட்டா. வெளில போறதுக்கு வீட்டுக்குள்ளயே இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

"எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சது, நான் அந்தப் பிரிவ விட்டதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடிதான்," என்றார். குரல் கீழே போயிருந்தது. "அவ ரொம்ப ஆசப்பட்டா. நீ எது எடுத்தாலும் நல்லாப் பண்ணுவன்னு நெனச்சேன். சொன்னா நீ வருத்தப்படுவியேன்னுதான் சொல்லலம்மா. வேற ஒண்ணும் இல்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை கூடத்திலிருந்து வந்த குரல் அவள் காதில் திரும்ப ஒலித்தது. பாப்பா சொன்னாக் கேளேன். நாத்தனார் செய்தது திருட்டு, அதை வைது தீர்த்துவிடலாம். இவர் இத்தனை மாதம் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவள் நெற்றியில் தைலம் பூசிவிட்டவர். பிரேக்கக்காவுக்கு அழுகை முட்டியது. முகத்தைத் திருப்பவில்லை.

"இந்த வருஷத்த விட்டுடறேன். அடுத்த வருஷம் நான் கேட்ட பிரிவுலயே சேரப் போறேன். வேற வண்டி பாத்துக்கறேன்," என்றாள்.

"சரிம்மா," என்றார் அவசரமாக. "என்ன பண்ணாலும் சரி. நான் இருக்கேன்ல? உனக்கு ஒண்ணுன்னா விட்டுடுவனா? அன்னைக்கு அந்த முட்டைக்காரன் வந்தப்போ..."

"அன்னைக்கு வண்டிய நிறுத்தினது நீங்க இல்ல," என்றாள் பிரேக்கக்கா.

"என்னது?"

"உங்க கால் ஆக்சிலரேட்டர்ல இருந்துச்சு. பிரேக் போட்டது நான்."

பின்னால் ஹாரன் அடித்தார்கள், வண்டியைக் கொஞ்சம் நகர்த்தினார்.

"இத்தன வருஷமா... ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வருத்தப்படுவீங்களேன்னுதான்."

முன்னால் சிவப்பு விளக்கு விழுந்தது. கோட்டுக்கு வெகு தூரம் இருக்கும்போதே வண்டி குலுங்கி நின்றது. பின்னால் இருந்தவர்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. கண்ணாடிக்காரர் விளக்கைப் பார்க்கவில்லை, ரோட்டையும் பார்க்கவில்லை. குனிந்து அவள் காலைப் பார்த்தார். செருப்புப் போட்ட ரெண்டு காலும் மிதியடியில் சேர்ந்தபடி அசையாமல் இருந்தன.

"இப்ப நான்தான போட்டேன்?" என்று கேட்டார்.

"எனக்கெப்படித் தெரியும்," என்றாள் அவள். "என் பக்கத்து பிரேக்கத்தான் குடுத்துட்டீங்களே."